சூரியப் பெட்டியில் வெறும் தண்ணீர்

டெல்லியில் இரண்டு நாட்டு அரசாங்கங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதன் பலனாகக் கல்வராயன் மலைமேல் ஒரு குளிர்பெட்டி வந்து இறங்கியது. கீழே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருஷங்கள் அவை. விழுப்புரத்தில் இயற்பியல் படித்து முடித்துவிட்டு, தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் கரும்பு வைத்து மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரைச் சுற்றி, எங்கள் சாதியில் பட்டம் வாங்கிய பெண் நான் ஒருத்திதான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் திறந்திருந்த ப்ராஜெக்ட் ஆபீசில், கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிந்த, மலைக்குப் போய்வரத் தயங்காத ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். எடுத்துக்கொண்டார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்வது பாதி வேலை, மொழிபெயர்ப்பது மீதி.

திட்டம் இதுதான். ஒப்பந்தம் போட்ட அந்த வெளிநாட்டாரிடம் கருவி இருந்தது, வெயில் இல்லை. நம்மிடம் வெயில் மட்டும் இருந்தது. கரண்ட் இல்லாத மலை ஊர்களுக்குத் தடுப்பூசி மருந்து போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடுகிறது. சூரிய சக்தியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றை ஊருக்குள்ளேயே வைத்தால் மருந்து கெடாது. நம் மலைக்கு மட்டுமல்ல, உலகத்தில் இதுபோல எத்தனையோ மலைகளுக்கு அது உதவும். நல்ல எண்ணம். அந்த எண்ணத்தை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ். அங்கிருந்து சாமைக் காடுகளுக்கு நடுவே நடந்தால் அந்த ஊர். நர்சம்மா வந்து உட்காரும் ஓட்டுக் கட்டடம் ஒன்று அங்கே முன்பே இருந்தது. அதை ஒட்டிப் புது அறை கட்டி, மேலே சூரியத் தகடுகளைச் சாய்த்து வைத்து, உள்ளே பாட்டரிகளை அடுக்கி, நடுவில் வெள்ளைப் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கைப்படி முதல் கட்டம் சோதனைக் கட்டம். மருந்து வைக்கக் கூடாது. மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கி, அவற்றுக்குள் வெப்பத்தை அளக்கும் கம்பிகளை இறக்கியிருந்தார்கள். கம்பிகள் வெளியே ஒரு கருவிக்கு வரும். அந்தக் கருவியின் பேனா இரவும் பகலும் காகிதச் சுருளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டிக் கதவில் பூட்டு. பூட்டின்மேல் இரண்டு நாட்டு அரக்கு முத்திரை. குறித்த நாளில் மட்டும்தான் கதவைத் திறப்பார்கள். சாவி ஒன்று எங்கள் அதிகாரியிடம், இன்னொன்று அந்த நாட்டு விஞ்ஞானியிடம்.

தகடுகளில் படியும் தூசியைத் தினமும் காலையில் துடைக்க அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை வைத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவாள். வாய் ஓயாது. முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

"இன்னா யக்கா வெச்சிருக்கீங்க உள்ள?"

"தண்ணி."

"இம்மாம் பெரிய பூட்டு போட்டு தண்ணிய வெச்சிருக்கீங்களா? எங்க சுனையில வந்து கைய வெச்சிப் பாரு. இத வுட சில்லுனு இருக்கும்."

"இப்பத்திக்குத் தண்ணி. அப்பால மருந்து வெப்பாங்க."

"அப்பாலன்னா எப்போ?"

"ரெண்டு சர்க்காரும் சரின்னு சொன்னப்புறம்."

அவள் சிரித்தாள். "எங்க ஊருக்கு ஒரு சர்க்காரே இன்னும் வந்து சேரல. நீ ரெண்டுங்கற."

அவள் புருஷன் அதிகம் பேசாதவன். சாமையும் தினையும் விதைப்பான். கடுக்காய் பொறுக்கி வெள்ளிமலையில் கொண்டுபோய்ப் போடுவான். நான் மலையில் தங்கும் நாட்களில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் தட்டு கழுவப் போனால் அவள் விட மாட்டாள்.

சோதனை நன்றாகவே நடந்தது. சுருளில் கோடு நேராக ஓடியது. அந்த நாட்டு விஞ்ஞானி வரும்போதெல்லாம் சுருளைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே போவார். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

நான் மலையில் தங்கியிருந்த ஒரு நாள் விடிகாலையில் தகடு துடைப்பவள் வீட்டு வாசலுக்குக் குள்ளநரி ஒன்று வந்தது. ஆளைக் கண்டும் ஓடாத வெறிநரி. குழந்தையைப் பாயோடு வாசலில் போட்டிருந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குறுக்கே விழுந்தாள். நரி அவள் கன்னத்தையும் தோளையும் கடித்துக் குதறிவிட்டு, வேலி தாண்டி நாலைந்து வீடு தள்ளிப்போய் விழுந்து செத்தது. குழந்தைமேல் ஒரு கீறல் இல்லை.

நானும் அவள் புருஷனும் அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். காயத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "முகத்தில் கடிச்சிருக்கு. தொப்புளைச் சுத்தித் தினம் ஒரு ஊசி. ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார். அன்றைக்கே முதல் ஊசி போட்டார். வயிறு வீங்கிவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நரி கடிச்சது கூட இம்மா வலிக்கலக்கா" என்றாள்.

தினமும் மலையிலிருந்து வந்துபோக முடியாது. எங்கே தங்குவது? எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எச்சில்ல வெஷம் இருக்குமாமே?"

"அதுக்குத்தாம்மா ஊசி போடறாங்க. ஒட்டாது."

"உங்கண்ணன் புள்ள தவழ்ந்துக்கினு திரியுது. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மலைக்காரிய நடு வூட்ல படுக்க வெச்சா அண்டை அயல்ல இன்னா பேசுவாங்க" என்றாள்.

அண்ணன் அப்போது வீட்டில் இல்லை. ஊர் ஊராகப் போய் மறியலுக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தான். இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பானா, எனக்குத் தெரியாது. நான் திரும்பி வந்து அவளிடம், "இடமில்லம்மா" என்றேன். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்கை விரித்துக்கொண்டாள். புருஷனைக் குழந்தையோடு மலைக்கு அனுப்பிவிட்டாள். பால் கட்டிக்கொண்டது. ராவெல்லாம் துணியில் பீய்ச்சிவிட்டு அழுதாள் என்று பக்கத்தில் படுத்திருந்த கிழவி என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம்தான் மறியல் அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்துக்கு எந்த ரோட்டிலும் வண்டி ஓடாது என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சுவரொட்டி. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தம்மா குழந்தையை நினைச்சுக்கிட்டுப் புழுங்குது. எந்நேரமும் ஊருக்கு ஓடிடும்போல இருக்கு. மறியல் ஆரம்பிச்சா திரும்பி வர முடியாது. மேல உங்க குளிர்பெட்டி நல்லா ஓடுதுன்னு கேள்விப்பட்டேன். மிச்ச ஊசி மருந்தை ஐஸ் பிளாஸ்க்ல குடுத்தனுப்பறேன். பெட்டியில வெச்சிடுங்க. நர்சு மேலயே போட்டுடட்டும்."

நர்சம்மாவும் சம்மதித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி இதற்காகத்தானே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

அதிகாரி மெட்ராஸ்காரர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு பிற்சேர்க்கையை எடுத்து, சம்பந்தப்பட்ட பத்தியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிம்மா."

"படிச்சிருக்கேன் சார்."

"சோதனைக் கட்டத்தில் சோதனைச் சுமை தவிர வேற எதுவும் உள்ளே போகக் கூடாது. தினமும் கதவைத் திறந்தா கோடு ஏறி இறங்கும். இத்தனை மாச வேலையும் வீண்."

"ஒரு உசுரு சார்."

"நான் இல்லைன்னு சொல்லலையே. கூட்டுக்குழு அனுமதி வேணும். எழுதிப் போடறேன்."

விஞ்ஞானி அப்போது கள்ளக்குறிச்சி பயணியர் விடுதியில் தங்கியிருந்தார். அவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மெதுவாக விளக்கினார். இந்தப் பெட்டி மருந்து வைக்கத் தகுதியானது என்று இன்னும் சான்று தரவில்லை. அதில் வைத்த மருந்து கெட்டுப்போய் அந்தப் பெண் இறந்தால் இரண்டு அரசாங்கங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொரு நாட்டு மக்கள்மேல் சோதனை செய்தோம் என்று பழி வரும். "என் நாட்டிலும் நான் இதை அனுமதிக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அவள் நாட்டில் வேறு பெட்டியே கிடையாது என்று மட்டும் சொன்னேன். "ரொம்ப வருத்தமாக இருக்கிறது" என்றார். வருத்தமாகத்தான் இருந்தார்.

மறியலுக்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் சாக்கு மட்டும் கிடந்தது. புருஷன் வந்திருக்கிறான். குழந்தைக்கு வயிற்றால் போகிறது, ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றானாம். கடைசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். கிழவியிடம், "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் ரோடு அடங்கிவிட்டது. தியாகதுருகம் ரோட்டில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சாய்த்தவர்களில் என் அண்ணனும் ஒருவன். அவர்கள் கேட்டது நியாயம் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவளைப் பற்றிக் கேள்விப்பட்ட அண்ணன் ஒரு ஆள்மூலம் எனக்குச் சொல்லியனுப்பினான்: "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள யாரும் தடுக்க மாட்டோம். அந்தப் பொண்ண வரச் சொல்லு." உண்மையாகவே சொன்னான். ஆனால் தடுக்காமல் விடுவதற்கு ஒரு வண்டி வேண்டுமே. வண்டியே ஓடவில்லை. பிறகு போலீஸ் வந்தது. சுட்டார்கள் என்று அங்கங்கே செய்தி. கள்ளக்குறிச்சியில் கடை திறக்கவில்லை. நான் ஆபீசின் பின்னறையில் தங்கிக்கொண்டு, விடுதியில் மாட்டிக்கொண்ட விஞ்ஞானிக்கு முட்டையும் ரொட்டியும் கிடைக்குமா என்று வீடு வீடாகக் கேட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மறியலின் நடுவில் அதிகாரிக்கு ஒரு கவலை வந்தது. மேலே கருவியில் காகிதச் சுருள் தீரப்போகிறது. தீர்ந்தால் கோட்டில் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிற்சேர்க்கையில் இருக்கிறது. போன் போட்டார். மேலே மேலே பேசினார். இரண்டு அரசாங்க விஷயம் என்றதும் கலெக்டர் ஆபீசிலிருந்து பாஸ் வந்தது. போலீஸ் காவலோடு எங்கள் ஜீப் மலைக்குக் கிளம்பியது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு மருந்தை வைத்துக் கொடுத்தார். மூச்சிரைக்க வந்து ஜீப் பக்கத்தில் நின்றேன்.

"நானும் வரேன் சார். இத குடுத்துட்டு அவங்கள கூட்டிக்கினு வந்துடலாம்."

அதிகாரி பாஸைக் காட்டினார். "இதில் என்ன எழுதியிருக்கு பார். காகிதச் சுருள், ஒரு அதிகாரி, ஒரு டிரைவர். வழியில் ஏதாவது ஆச்சுன்னா உனக்கு யாரும்மா பொறுப்பு?"

"பிளாஸ்க்க மட்டுமாவது வாங்கிக்குங்க."

"நாளைக்கு எவனாவது ப்ராஜெக்ட் வண்டியில் போன மருந்தால செத்தான்னு வந்தா? வேண்டாம்மா. மறியல் முடியட்டும்."

ஜீப் போய்விட்டது. பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐஸ் உருகும்வரை ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

மாலையில் டிரைவர் என்னைத் தேடி வந்தார். வயசானவர். நின்றபடியே பேசினார்.

"அந்தப் பொண்ண பாத்தேம்மா. திரும்பி வர்றப்போ மலை எறக்கத்துல புருசனும் பொஞ்சாதியும் நடந்து வந்துக்கினு இருந்தாங்க. நம்ம ஜீப்புன்னு தெரிஞ்சிக்கினு கைய காட்னாங்க. அது ஓடியாந்துது."

"நிறுத்தலயாண்ணே?"

"வழியில எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னு போலீசு சொல்லிட்டாங்க. சார் பாத்தாரு. நிறுத்துன்னு சொல்லல. கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடியாந்துது. புழுதியில அப்பால தெரியல."

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த அவர்கள் கீழே இறங்கியதும் என்ன ஆயிற்று என்று பிறகு தெரிந்தது. கச்சிராயபாளையத்துக்கு வெளியே மரத்தை வெட்டிப் போட்டவர்களைப் போலீஸ் விரட்டிக்கொண்டிருந்தது. எதிரில் வந்தவர்களையும் சேர்த்து அடித்தார்கள். அவள் புருஷன் இடுப்பில் மலைக்காரர்கள் எப்போதும் செருகிக்கொள்ளும் கொடுவாள் இருந்தது. மரம் வெட்டியவன் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கன்னத்துக் கட்டைக் காட்டி ஏதோ சொல்லப் போயிருக்கிறாள். லத்தி தோள்காயத்தில் விழுந்தது. வந்த வழியே திரும்பி, தனியாக மலை ஏறிவிட்டாள்.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே நான் மேலே போனேன். அவள் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எம் புருசன் எங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள். கடலூர் ஜெயிலில் என்று சொன்னேன். குழந்தையோடு அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். டாக்டர் திட்டவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஊசியை எடுத்தார். நானும் அவளோடு வராந்தாவிலேயே படுத்தேன். சில நாளிலேயே கன்னம் குறுகுறுக்கிறது என்றாள். பிறகு ஒரு காலையில் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் தொண்டை இழுத்துக்கொள்ள, அதைத் தூக்கிப் போட்டாள். மறுபடி முயன்றாள். முடியவில்லை. என்னைப் பார்த்து, "இன்னாக்கா இது?" என்றாள்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இனி உலகத்தில் எந்த மருந்தும் இல்லை, ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள் என்றும் சொன்னார்.

அவளை ஏற்றிக்கொண்டு போன மறுநாள் கூட்டுக்குழு மலைக்கு வந்தது. இது முன்பே குறித்த தேதி. இரண்டு நாட்டு அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் வரிசையாக ஜீப்புகளில் வந்து இறங்கினார்கள். மொழிபெயர்க்க நான் இருந்தாக வேண்டும். அவள் வீடு பெட்டி இருக்கும் அறைக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. மாமியாரும் கொழுந்தனும் அவளை உள்ளே தூணில் கட்டிப்போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வெளிச்சம் பட்டாலோ காற்றுப் பட்டாலோ இழுத்தது. காலையிலேயே அதிகாரி வந்து, அவளைக் கொஞ்ச நேரத்துக்குக் காட்டுப் பக்கம் தூக்கிப்போய் வைக்க முடியுமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் அதை அவர்களிடம் கேட்கவில்லை. முடியாது என்கிறார்கள் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

சுருளை மேஜையில் விரித்தார்கள். மறியல் வாரத்திலும் கோடு அறுபடாமல் ஓடியிருந்ததை அதிகாரி காட்டினார். எல்லாரும் பாராட்டினார்கள். அப்போது அவள் கத்தினாள். மனுஷக் குரல் மாதிரி இல்லை. அந்த நாட்டுக் குழுவின் தலைவர் நிமிர்ந்து, அது என்ன சத்தம் என்று கேட்டார்.

"ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை" என்று அதிகாரி சொன்னார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். இந்தத் தகடுகளைத் தினமும் துடைத்த பெண் அவள். வெறிநரி கடித்தது. அவளுக்கான மருந்தை இந்தப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. ஜீப்பில் கொண்டுவரவும் அனுமதி இல்லை. மெதுவாக, தப்பில்லாமல் சொன்னேன்.

விடுதியில் நான் பார்த்த விஞ்ஞானி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தலைவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "இந்த ஆராய்ச்சி எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" நம் பக்கத்து அதிகாரிகள் ஆமோதித்தார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த கட்டத்துக்கு நிதியை உயர்த்தலாம் என்று அங்கேயே பேச்சு எழுந்தது. அதையும் நான்தான் ஊர்ப் பெரியவருக்கு மொழிபெயர்த்தேன்.

கீழேயிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை அவர்கள் மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன். மாமியார் கதவைத் திறந்து வைத்திருந்தாள். கட்டை அவிழ்க்க ஆளில்லை. தொட எல்லாருக்கும் பயம். நர்சம்மாவும் நானும் கையில் துணி சுற்றிக்கொண்டு அவிழ்த்தோம். முடிச்சு இறுகிப் போயிருந்தது. கொழுந்தன் கொடுவாளைத் தூரத்திலிருந்தே தள்ளிவிட்டான்.

அவளைப் புதைத்து வெகுநாள் கழித்துத்தான் புருஷன் விடுதலையாகி வந்தான். என் அண்ணனும் அதே ஜெயிலில்தான் இருந்தான். வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான்: "எங்களோட ஒரு மலைக்காரன் இருந்தாம்மா. எந்த சாதிக்கு இன்னா கேட்டேன்னு என்னை உள்ள வெச்சிருக்காங்கன்னு தினம் கேப்பான். பொஞ்சாதிக்கு ஊசி போடணும், வுட்டுடுங்கன்னு வார்டனுங்க கால்ல வுழுவான். அவங்க சிரிப்பாங்க. மொதல்ல நாங்களும் சிரிச்சோம்."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் இன்னாத்த கண்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டிக்குச் சான்று கிடைத்தது. மருந்து வைக்கும் முதல் நாளை விழாவாக நடத்தினார்கள். பெட்டியிலிருந்து எடுத்த முதல் தடுப்பூசியை எந்தக் குழந்தைக்குப் போடுவது என்று ஆபீசில் பேச்சு வந்தபோது அதிகாரிதான் அவள் பெண்ணைச் சொன்னார். பொருத்தமாக இருக்கும் என்றார். போட்டோ பிடிக்க ஆள் வந்திருந்தான். தகப்பன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நர்சம்மா மருந்துக் குப்பியை அவன் கையில் ஒரு நிமிஷம் கொடுத்தாள். அவன் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"அன்னிக்கும் பொட்டி இப்பிடித்தான் சில்லுனு இருந்துச்சா?"

"ஆமாம்."

அவன் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதமே ஊரை விட்டுக் குடகுக்குக் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

நான் அந்த வேலையை விட்டேன். பி.எட். முடித்தேன். போராடியவர்கள் கேட்டதில் ஒரு பங்கு ஒருவழியாகக் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் ரிஷிவந்தியம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஆனேன். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் ஓர் இளம்பெண், இடுப்பில் குழந்தை. குடகிலேயே வளர்ந்து அங்கேயே கல்யாணமானவள். தமிழில் கன்னட வாடை அடித்தது. அவர் என்னைக் காட்டி, "இவங்க உங்கம்மாவ பாத்தவங்க" என்றார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா காய்ச்சல்ல செத்துப்போச்சாமே. நீங்க கூட இருந்தீங்களா?"

அவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

"இருந்தேன்" என்றேன். "காய்ச்சல்தான்."

"ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. அவர் பேரக்குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஜன்னல் சீட்டு கிடைத்ததும் எனக்குக் கை காட்டினாள்.